ஒன்றுக்குப் பக்கத்தில் பத்து

தலைமை தாங்கும் ஐயா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, முன் வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும், நம்மை விட்டுப் போன டீச்சரின் வீட்டுக்காரர் அவர்களே, உள்ளே இடமில்லாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பழைய மாணவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்!

எனக்கு முன்னால் பேசியவர்கள் இன்றைக்கு வந்திருப்பவர்களை வணங்கினார்கள். நான் இன்னொரு நாள் இருந்தவர்களையும் சேர்த்து வணங்க வேண்டியிருக்கிறது. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, காலை மணி அடித்த கையோடு, இந்தப் பள்ளியின் ஒன்றாம் வகுப்பு அறையில் இருந்தவர்களைச் சொல்கிறேன். ஒருவரையும் விடமாட்டேன்.

கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்த ஆய்வாளர். அவருக்கு வழி விட்டு ஒதுங்கி நின்ற அன்றைய தலைமை ஆசிரியர். பதிவேடுகளை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் வந்த மூன்றாம் வகுப்பு சார். இப்போது இங்கே தலைமை தாங்குகிறாரே, அந்த ஐயாதான். ஈரக் குடையை மடக்கியபடி ஓடி வந்த ஒன்றாம் வகுப்பு டீச்சர். தண்ணீர்த் தம்ளரைத் தட்டில் ஏந்திக்கொண்டு வாசலில் நின்ற பள்ளிக்கூட ஆயா, அதாவது நான். பிள்ளைகள் இருபத்தொரு பேர். முதல் பெஞ்சில் தையல்காரர் மகள், ரொட்டிக்கடை இரட்டையர், வாயாடி, வாயாடியின் அத்தை மகன். இரண்டாவதில் பேனா கடிப்பவள், சாவிக்காரர் பேரன், புதிதாகச் சேர்ந்து அழுதுகொண்டே இருந்தவள், அவளுக்குக் கைக்குட்டை கொடுத்துக் கொடுத்து வாங்கியவள், செவ்வந்தி நிறச் சட்டைக்காரன். மூன்றாவதில் தூங்குமூஞ்சி, அவனை எழுப்பும் அக்காள், ஓட்டுநர் மகன், பல் விழுந்தவர்கள் மூன்று பேர். கடைசி பெஞ்சில் நெட்டையன், நர்ஸம்மா மகள், பெருக்கல் வாய்ப்பாட்டையே பாட்டாகப் பாடுபவன், காலணி மாற்றிப் போடுபவள், யாரோடும் பேசாதவன். எண்ணிப் பாருங்கள், இருபத்தொன்று வரும். வகுப்பில் மொத்தம் இருபத்திரண்டு. தபால்காரர் மகனுக்கு அன்றைக்குக் காய்ச்சல்.

இவர்களில் பாதிப் பேர் இந்தக் கூடத்திலேயே இருக்கிறார்கள். ஆளுக்கொரு மீசையும் மூக்குக் கண்ணாடியுமாக இருந்தால் எனக்கு அடையாளம் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள்.

அந்தத் திங்கட்கிழமையைப் பற்றித்தான் அரை மணி நேரத்துக்கு முன்னால் தலைவர் ஐயா ஒரு வேடிக்கை சொன்னார். ஆய்வாளர் வந்த அன்றைக்கே டீச்சர் ஒன்றுக்குப் பக்கத்தில் பத்தை மாட்டி வைத்திருந்தார் என்றும், அன்றிலிருந்து அவர் எல்லோருக்கும் "ஒண்ணு பத்து டீச்சர்" ஆனார் என்றும், அந்த அன்பான பெயரிலேயே வகுப்பறைக்குப் பலகை வைக்கப்போகிறோம் என்றும் சொன்னார். கூடமே சிரித்தது. அன்பாகத்தான் சிரித்தீர்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் கணக்கு டீச்சருக்குக் கணக்கு வராது என்பது ஒரு புகழா? இறந்தவர் தலைமாட்டில் வைக்கிற மாலையா அது? பலகை எழுதுகிறவர் தூரிகையோடு வாசலில் நிற்கிறார். தம்பி, கொஞ்சம் பொறுங்கள். நான் பேசி முடித்த பிறகு எழுதலாம்.

அந்த அறை உங்களுக்கு நினைவிருக்கிறதா? கிழக்கே கடைசி அறை. ஒரு ஜன்னலுக்குக் கொக்கி கிடையாது. காற்றடித்தால் அடித்துக்கொள்ளாமல் இருக்கச் செங்கல் வைத்திருப்போம். ஜன்னலிலிருந்து ஜன்னலுக்குத் துணி காயப்போடும் கயிறு. கயிற்றில் துணிக் கிளிப், கிளிப்பில் இருபது அட்டை, அட்டையில் ஒன்று முதல் இருபது வரை. செருப்புக்கடையில் காலிப் பெட்டி கேட்டு வாங்கி, டீச்சரே வெட்டி எழுதிய அட்டைகள் அவை. பின்பக்கம் திருப்பினால் செருப்பின் அளவு அச்சடித்திருக்கும். மூன்றாம் எண் அட்டையின் முதுகில் ஒன்பது. வாயாடி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது மூணா, ஒம்போதா?" என்று கேட்டாள். டீச்சர் தலையைத் தூக்காமலே, "முன்னாடி என் கணக்கு, பின்னாடி செருப்புக்காரர் கணக்கு. நீ யார் வகுப்புல இருக்கே?" என்றார்.

சின்னப் பிள்ளைக்கு எது பெரிசு, எது சின்னது என்று சொல்லிக் கொடுப்பது லேசு என்று நினைக்கிறீர்களா? நான் அந்த அறையைப் பெருக்கிய கை. கதவோரம் நின்று பார்த்திருக்கிறேன். லேசு இல்லை.

வகுப்புத் தொடங்கி ஒரு மாதம் வரை டீச்சர் எண்ணவே விட மாட்டார். தையல்காரர் கடையில் மிச்சமான பட்டன்கள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கும். இரண்டு பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கை அள்ள வேண்டும். தரையில் ஒன்றுக்கு எதிரே ஒன்று வைத்துக்கொண்டே போக வேண்டும். "எண்ணாதே, ஜோடி சேரு. யார் பக்கம் மிச்சம் நிக்குதோ அது பெரிசு" என்பார். எண்ணத் தெரியாத பிள்ளையும் அன்றைக்கு ஜெயிக்கும். அதற்காகத்தான் அப்படி.

பிறகு கரும்பலகையில் ஆள் உயரத்துக்கு ஒரு மூன்று எழுதுவார். மூலையில் எறும்பு மாதிரி ஒரு எட்டு. எது பெரிசு என்றால் வகுப்பு முழுக்க மூன்று என்று கத்தும். டீச்சர் ஒன்றும் சொல்லாமல் மூன்று பட்டனை ஒரு கையிலும் எட்டு பட்டனை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, எது வேண்டும் என்று கேட்பார். கத்திய வாய்கள் அப்படியே அடங்கும். எழுத்துப் பெரிசானால் எண் பெரிசாகிவிடாது என்பதை அவர் வாயால் ஒரு நாளும் சொன்னதில்லை.

அட்டையைக் கையில் பிடித்து வரிசையில் நிற்கும் விளையாட்டு நினைவிருக்கிறதா? வேண்டுமென்றே நெட்டையனுக்கு இரண்டு கொடுப்பார். தையல்காரர் மகள்தான் வகுப்பிலேயே குள்ளம், அவளுக்கு ஒன்பது. நெட்டையன் உதட்டைப் பிதுக்கினான். "நான்தானே டீச்சர் உயரம், எனக்கு ஏன் சின்ன நம்பர்?" "நீ உயரம்தான்டா ராஜா. ஆனா நான் வரிசைல நிக்க வெக்கிறது உன்னை இல்ல, உன் கையில இருக்கிறவரை." அந்த நெட்டையன் இன்றைக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அந்தக் குள்ளப் பெண் அந்த ஒன்பதை வீட்டுக்கே கொண்டுபோய்த் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினாள். மறுநாள் அவள் அப்பா கடையைப் பூட்டிவிட்டு வந்து அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். அவள்தான் போன வருஷத்திலிருந்து அதே அறையில் டீச்சர்.

சரி, அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். திங்கட்கிழமைக்கு முந்திய வெள்ளிக்கிழமை.

ஆய்வாளர் வரப்போகிறார் என்று தலைமை ஆசிரியருக்குக் காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை. டீச்சரின் கையெழுத்து அழகு என்பதால், சாயங்காலம் முழுக்கத் தன் அறையில் உட்கார வைத்துப் பதிவேடுகளைப் புதிதாக எழுத வைத்தார். என்னைக் கூப்பிட்டு, ஒன்றாம் வகுப்பில் ஒரு பொட்டுத் தூசி இருக்கக் கூடாது, கயிறு உட்பட எல்லாவற்றையும் இறக்கித் துடை என்றார். எனக்கு அப்போது வேலை நிரந்தரமில்லை. ஏற்கெனவே இரண்டு தப்பு. ஒரு தடவை பத்து நிமிஷம் முன்னாலேயே மணி அடித்துவிட்டேன். இன்னொரு தடவை உலகப் படத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். இரண்டு கடல் போய்விட்டது. மூன்றாவது தப்புக்கு வீட்டுக்குப் போகலாம் என்று தலைமை ஆசிரியர் சொல்லியிருந்தார். வீட்டில் இரண்டு பிள்ளைகள். வீட்டுக்காரர் கிடையாது.

கயிற்றை இறக்கினேன். கழுவினேன். அட்டை ஒவ்வொன்றையும் ஈரத்துணியால் துடைத்தேன். திரும்ப மாட்டினேன்.

எனக்கு வாயால் எண்ணத் தெரியும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நூறு வரை சொல்வேன். எழுத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை முகம் தெரியும். இரண்டு எண் சேர்ந்து நின்றால் யாரென்று தெரியாது. யோசித்தேன். முன்னால் நிற்கிறவர் குடும்பத் தலைவர் என்று வைத்துக்கொண்டேன். ஒன்றைத் தலைவராகக் கொண்டவர்கள் எல்லாம் ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்துக்குள் பின்னால் நிற்கிற முகத்தைப் பார்த்து ஒழுங்காக வைத்தேன். ஒன்று, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, அப்படியே பத்தொன்பது வரை. அதற்குப் பிறகு இரண்டு, பக்கத்தில் இருபது. பிறகு மூன்று, நான்கு. கடைசியில் ஒன்பது. குடும்பம் குடும்பமாக மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். அவ்வளவு அழகாக இருந்தது. விளக்கமாற்றைச் சாத்திவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

ஆம், தலைவர் ஐயா அவர்களே! ஒன்றுக்குப் பக்கத்தில் பத்தை மாட்டியது இந்தக் கை.

திங்கட்கிழமை ஆய்வாளர் கயிற்றைப் பார்த்தார். இதை யார் மாட்டியது என்று கேட்டார். தலைமை ஆசிரியர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கயிற்றைப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கணம், இமை கொட்டுகிற நேரம், வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

"நான்தான் சார்" என்றார் டீச்சர்.

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான் சார். பிள்ளைங்க கண்டுபிடிக்கட்டும்னு மாத்தி வெச்சேன்."

ஆய்வாளர் நம்பவில்லை. ஆனால் பிள்ளைகள்! முதல் பெஞ்சிலிருந்து தையல்காரர் மகள் எழுந்து, "டீச்சர், பத்து சின்னப் பசங்களுக்கு நடுவுல வந்து நிக்குது" என்றாள். அவ்வளவுதான், வகுப்பே எழுந்தது. ஆளுக்கொரு அட்டையை உருவிக்கொண்டு முட்டி மோதி வரிசையில் நின்றார்கள். இருபத்தொரு பேருக்கு இருபது அட்டை. ஜோடி சேர்த்தால் ஒருத்தி மிச்சம். மிச்சம் நின்ற தையல்காரர் மகள் வரிசை முழுக்க நடந்துபோய், தூங்குமூஞ்சியின் தோளைப் பிடித்து ஓரிடம் தள்ளி நிறுத்தினாள். வரிசை சரியாகிவிட்டது. ஒன்று முதல் இருபது வரை, ஒரு பிசகு இல்லை.

இதைப் பார்த்த மனுஷன் என்ன எழுதியிருக்க வேண்டும்? மூன்றாம் வகுப்பு சார் மத்தியானம் ஆசிரியர் அறையில் ஆய்வாளர் எழுதியதை உரக்கப் படித்தார். நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "எண்கள் தவறான வரிசையில் மாட்டப்பட்டுள்ளன. ஆசிரியைக்கு அடிப்படை எண் வரிசையிலேயே கவனம் போதாது." படித்து முடித்துவிட்டுத்தான் அந்தப் பெயரை வைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். டீ கொட்டிவிட்டது என்று நான் துடைக்கக் குனிந்தேன். டீ கொட்டவில்லை.

அன்று சாயங்காலமே கிளம்பினேன், தலைமை ஆசிரியரிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று. டீச்சர் கதவில் கை வைத்து மறித்தார்.

"அக்கா, நீங்க சொன்னா உங்களுக்கு வேலை போயிடும். நான் சொன்னதால எனக்குப் பேர்தான் போச்சு. வேலை பெரிசா, பேர் பெரிசா? சொல்லுங்க."

என் இரண்டு பிள்ளைகளின் முகம் முன்னால் வந்து நின்றது. வேலைதான் பெரிசு என்றேன். "அப்போ உக்காருங்க" என்று பட்டன் டப்பாவைத் திறந்தார்.

மூன்று வாரம், பள்ளி விட்டு அரை மணி நேரம். பிள்ளைகள் உட்காரும் குட்டிப் பெஞ்சில் நான், எதிரே அவர். முதல் நாள் ஒன்பதையும் பன்னிரண்டையும் வைத்து எது பெரிசு என்றார். ஒன்பதைக் காட்டினேன். மற்றதில் வெறும் ஒன்றும் இரண்டும்தானே நிற்கிறார்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. பத்து பட்டனை ஒரு காலித் தீப்பெட்டியில் போட்டு மூடி, "இந்த ஒண்ணு தனிப் பட்டன் இல்லக்கா, ஒரு பெட்டி" என்றார். அவ்வளவுதான், உலகத்துக்கே கதவு திறந்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு அவர் சொன்னதை இன்றைக்கும் பேருந்தைப் பார்த்தாலும் வீட்டு எண்ணைப் பார்த்தாலும் எனக்குள் சொல்லிக்கொள்கிறேன். "முதல்ல எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு பாருங்க. சரிக்குச் சரி நின்னா முன்னாடி நிக்கிறது யாருன்னு பாருங்க. அவரும் ஒரே ஆளா இருந்தா அடுத்தவரைப் பாருங்க."

நான் தேறிவிட்டேன். மூன்றாம் வார வெள்ளிக்கிழமை கயிற்றைச் சரியாக மாட்டிக் காட்டினேன். டீச்சர் பார்த்தார், தலையாட்டினார், பிறகு என்ன சொன்னார் தெரியுமா? "நல்லா இருக்கு. இப்போ கலைச்சுட்டுப் பழையபடி தப்பா மாட்டுங்க."

பழைய மாணவர்களே, நீங்கள் ஒவ்வொரு திங்கட்கிழமையும் கலைந்து கிடக்கும் கயிற்றைச் சரி செய்தீர்களே, அந்த வழக்கம் அன்றைக்குப் பிறந்தது! அதற்கு முன்னால் அது இல்லை. ஆய்வாளரிடம் சொன்ன ஒரு பொய்யை, வாரம் தவறாமல் இருபத்தேழு வருஷம் செய்து செய்து உண்மையாக்கினார். அவர் கேலிப்பெயரும் அதனாலேயே வளர்ந்தது. வெள்ளிக்கிழமைதோறும் மாட்டியது நான்தான். எனக்கு ஓய்வு கொடுத்த பிறகும் வந்தேன். முழங்கால் பிடித்துக்கொண்ட இரண்டு வாரம் தவிர. தெரியாமல் தப்புச் செய்வது சுலபம். தெரிந்தவளுக்கு அதைச் செய்ய எவ்வளவு யோசனை வேண்டும்!

அடுத்த வருஷம் தலைமை ஆசிரியர் பதவி காலியானது. வரிசையில் முதலில் நின்றவர் டீச்சர். இரண்டாவது நின்றவர் தலைவர் ஐயா, நீங்கள். கோப்பைத் திறந்தார்கள், அந்த வரியைப் படித்தார்கள், இரண்டாவது நின்றவரை முன்னால் நிறுத்தினார்கள். இரண்டாவது தடவையாக நான் கிளம்பினேன். இப்போது சொன்னால், பொய் சொன்னதற்காக இன்னொரு வரி எழுதுவார்கள் என்று மறித்தார். பிறகு என் வேலை நிரந்தரமானது. மூன்றாவது தடவை கிளம்பினேன். இனி எனக்கு என்ன பயம்? "பிள்ளைங்க திங்கட்கிழமைக்குக் காத்துக் கிடக்குதுங்க. அதை ஏன்க்கா கெடுக்கணும்?" என்றவர், என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். "நான் இருக்கிற வரைக்கும் மூச்சு விடக் கூடாது."

விடவில்லை. போன செவ்வாய்க்கிழமை வரை விடவில்லை.

எனக்குப் பகை வைத்திருக்கத் தெரியும் என்று எல்லோருக்கும் தெரியும். அதை வரிசையாக வைக்கக் கற்றுக் கொடுத்தவர் டீச்சர். ஆய்வாளர் மேல் எனக்கிருந்தது ஒற்றை இலக்கம். கண்ணால் கண்டதை எழுதினார், போகட்டும். அன்றைய தலைமை ஆசிரியர் மேல் இரட்டை இலக்கம். வெள்ளிக்கிழமை முழுக்க டீச்சர் தன் அறையில்தான் இருந்தார் என்று அவருக்குத் தெரியும். கயிற்றை இறக்கச் சொன்னதும் அவரே. ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சாவுக்குப் போனேன், உட்காராமல் நின்றுவிட்டு வந்தேன், அதோடு தீர்ந்தது.

தலைவர் ஐயா, உங்கள் மேல் மூன்று இலக்கம் இருந்தது. மறைக்க மாட்டேன். ஆனால் என் வேலையை நிரந்தரமாக்கியது நீங்கள். என் மகளுக்குப் படிப்புக்குக் கடிதம் கொடுத்தது நீங்கள். கொக்கியில்லாத ஜன்னலுக்கு டீச்சர் கேட்ட மறுநாளே கொக்கி போட்டதும் நீங்கள். நேற்று ராத்திரி படுத்துக்கொண்டு ஒன்றுக்கு எதிரே ஒன்றாக ஜோடி சேர்த்துப் பார்த்தேன். மிச்சம் இல்லை. இன்றைக்கு நீங்கள் சொன்ன வேடிக்கையால் ஒரே ஒரு பட்டன் மிச்சமாயிற்று. உங்கள் கண் கலங்கியிருப்பது இங்கிருந்து தெரிகிறது. அதையும் எடுத்துவிட்டேன்.

பலகை எழுதுகிற தம்பி, உள்ளே வாருங்கள். அந்தப் பெயரையே எழுதுங்கள், பெரிசாக. நான் ஒரு நாளும் டீச்சரை அப்படிக் கூப்பிட்டதில்லை. இனிமேல் அது கேலி இல்லை, அதனால் எழுதுங்கள். அதற்குக் கீழே எறும்பு மாதிரி சின்ன எழுத்தில், "தப்பாக மாட்டியது ஆயா" என்று எழுதுங்கள். சின்னதாக எழுதுவதால் அது சின்னதாகிவிடாது. இந்தக் கூடத்தில் இருப்பவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

தையல்காரர் மகளே, புது டீச்சரே, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அறையைப் பூட்டிவிடாதே அம்மா. நான் வருவேன். என் முழங்கால் உள்ளவரை மாட்டுவேன். அதற்குப் பிறகு நீ மாட்டு. திங்கட்கிழமை பிள்ளைகள் வந்து பார்க்கும்போது கயிறு கலைந்திருக்க வேண்டும். அவர் தொடங்கியது நிற்கக் கூடாது. இது என் வாக்கு.

கடைசியாக ஒன்று. எனக்கு எழுபத்து நான்கு வயது. டீச்சருக்கு ஐம்பத்தொன்பது. இரண்டிலும் இரண்டிரண்டு பேர்தான் நிற்கிறார்கள். முன்னால் நிற்பவரைப் பாருங்கள்: ஏழு, ஐந்து. எது பெரிசு? யார் முன்னால் போயிருக்க வேண்டும்? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லுமே! ஊருக்கெல்லாம் வரிசை சொல்லிக் கொடுத்தவர், தான் மட்டும் முண்டியடித்துக்கொண்டு போய்விட்டார்.

போனது மட்டுமா? நான் இந்த உண்மையைச் சொல்ல வேண்டுமானால் தான் சாக வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். அவர் காதில் விழும்படி, எல்லோர் முன்னாலும், ஒரே ஒரு தடவை சொல்ல விட்டிருந்தால் எனக்குப் போதும். வேலை பெரிசா, பேர் பெரிசா என்று கேட்டுவிட்டு, என் பதிலையே சரி என்று வைத்துக்கொண்டாரே. என் வாழ்நாளில் நான் போட்ட தப்புகளில் அதை மட்டும் அவர் திருத்தவில்லை.

எல்லோரையும் மன்னித்துவிட்டேன். நான் மன்னிக்காதவர் ஒருவர்தான் மிச்சம். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடுகிறேன், கேட்டுக்கொண்டிருந்தால் கேட்கட்டும்.

ஒண்ணு பத்து டீச்சர்.